ஓய்வு விதியை எங்கே வைப்பது?

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'மறுபடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. யாராவது நிரல் எழுதி முடித்துவிட்டு, "எல்லாம் ஓடுது அக்கா" என்று சிரித்த முகத்தோடு வந்து நின்றால், "மறுபடி ஒரு தடவ பண்ணுங்க, பாக்கலாம்" என்பாள். மறுபடி செய்யும்போது எங்காவது இடிக்கும். வந்தவர் முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்.

எது உடையும் என்பதைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் மட்டும் தடுமாறிவிடுவாள். செருப்புக் கடைக்குப் போனால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் பழைய செருப்போடு வீடு திரும்புவாள். வரன் பார்த்த காலத்திலும் இதே கதைதான். வந்த இரண்டு பேருமே நல்லவர்களாகத் தெரிந்தார்கள். அவள் யோசித்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேருக்கும் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. அதற்காக அவள் பெரிதாக வருத்தப்படவுமில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். அண்ணன் பஸ் டிரைவர். அண்ணி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருபவள். அவர்களுக்கு ஒரே மகள், எப்போது பார்த்தாலும் கையில் டேபிள் டென்னிஸ் மட்டையோடு திரிபவள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த மூன்று அறைகள்தான் அவளுடைய அலுவலகம். அங்கே தயாரான சாஃப்ட்வேர்களில் முக்கியமானது அண்ணன் வேலை பார்த்த பஸ் கம்பெனிக்கானது. எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எப்போது ஓட்டுவது என்று ட்யூட்டி போடுவது அதன் வேலை. வருஷக்கணக்காக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, ஒரு பக்கத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் அலறும் நிலைக்கு அது வந்திருந்தது. ஜாவா மொழியில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு நல்ல ஃபிரேம்வொர்க்கை, அதாவது சட்டகத்தை, எடுத்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அந்தச் சமயம் பார்த்து, தலைமைப் பொறியாளருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது வெள்ளைப் பலகையில் பெட்டிகளும் அம்புகளுமாக ஒரு படத்தை வரைந்துவிட்டுப் போனார். அது என்ன படம் என்று யாருக்கும் புரியவில்லை. அழிக்கவும் தைரியம் வரவில்லை.

மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாடி வைத்த மனிதர். எதையும் நிதானமாக, அந்தந்த இடத்தில் வைத்துத்தான் செய்வார். அவர் மேசையில் பேனாக்கூட ஒரே பக்கம் பார்த்துத்தான் கிடக்கும். எல்லோருக்கும் அவர் 'தாடி'. இன்னொருத்தி மின்னல். காலையில் சொன்ன வேலையை மத்தியானம் முடித்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். புதிய சாஃப்ட்வேருக்குள் எத்தனை அடுக்கு வைப்பது என்பதில் இந்த இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாக இல்லை. முதலாளி இருவரையும் பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்து எதையோ மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான். ரெண்டு பேரும் அவங்க பேச்சக் கேப்பீங்கல்ல?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அக்காதான் பதறிப்போனாள்.

"சார், நான் வெளியில இருந்து பட்டன அமுக்கிப் பாக்கிறவ. உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன சார் தெரியும்?"

"எது உடையும்னு உங்களுக்குத் தெரியும்ல? உடையாத மாதிரி ஒண்ணச் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு முதலாளி போன் பேசக் கிளம்பிவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், பந்தைத் தள்ளிவிட்டுவிட்டு மைதானத்தைவிட்டே போய்விடுவார்.

முதலில் தாடி வந்தார். பழைய படத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டிகள் போட்டார்.

"மேல இருக்கிறது கண்ட்ரோலர். திரையில இருந்து வர்ற கோரிக்கைய வாங்கிக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. அது நடுவுல இருக்கிற சர்வீஸ்கிட்ட கொடுத்துடணும். விதிமுறை எல்லாம் அங்கதான் இருக்கும். அதுக்குக் கீழ ரெப்பாசிட்டரி, டேட்டாபேஸ்ல இருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொருத்தரும் தனக்குக் கீழ இருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பேசணும். தாண்டிப் போகக் கூடாது."

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. "சரிதானே!" என்றாள்.

தாடி போனதும் மின்னல் வந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு டிரைவர் பேரத் திரையில காட்டணும். அதுக்கு மேல இருக்கிறவர் நடுவுல கேக்கணும், நடுவுல இருக்கிறவர் கீழ கேக்கணும், கீழ இருந்து வந்தத நடுவுல இருக்கிறவர் அப்படியே கைமாத்திவிடணும். நடுவுல இருக்கிறவருக்கு என்ன வேலை? சும்மா நின்னு வாங்கிக் கொடுக்கிறதா? ஃபிரேம்வொர்க்கே பாதி வேலையச் செஞ்சு கொடுக்குது. கண்ட்ரோலர் நேரா எடுத்துக்கட்டுமே. நாளைக்குத் தேவைப்பட்டா அப்ப நடு அடுக்கப் போட்டுக்கலாம்."

அக்காவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. "அதுவும் சரிதானே!" என்றாள்.

"அப்ப என் பக்கம்தானே?"

"இரு, இரு. கொஞ்சம் யோசிக்கிறேன்."

யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. தாடியிடம் பேசிவிட்டு வந்தால் தாடி சொன்னது சரி. தேநீர் குடிக்கப் போன இடத்தில் மின்னலைப் பார்த்தால் மின்னல் சொன்னது சரி. புத்தகம் வாங்கிப் படித்தாள். ஒரு அத்தியாயத்தில் அடுக்குகள் கட்டாயம் என்று போட்டிருந்தது. அடுத்த அத்தியாயத்தில், தேவையில்லாமல் அடுக்கு வைக்காதீர்கள் என்று அதே ஆசிரியரே எழுதியிருந்தார். எது தேவை, எது தேவையில்லை என்று அவர் எங்கேயும் சொல்லக் காணோம்.

வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணியிடம் சொல்லிப் பார்த்தாள். அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

"அதாவது, ரிசப்ஷன்ல உக்காந்துக்கிட்டு நான் பல்லப் புடுங்கக் கூடாது. அதானே தாடிக்காரர் சொல்றாரு?"

"அதேதான் அண்ணி!" அக்காவுக்கு மனம் தெளிந்தது போலிருந்தது.

"ஆனா ஒண்ணு. வெறுமனே நேரம் கேக்கிறவங்களுக்கு எல்லாம் டாக்டரப் போய்க் கேட்டுட்டா வந்து சொல்றேன்? நானே பாத்துச் சொல்லிடுவேன். அப்ப அந்தப் பொண்ணு சொல்றதும் சரிதான்."

அக்காவுக்கு மறுபடியும் குழம்பியது. அவள் எழுந்து மாடிக்குப் போனாள்.

பலகையிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது என்று தோன்றியது. மின்னலைக் கூட்டிக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போனாள். டீசல் வாடையும் சோப்புத் தண்ணீருமாக இருந்த வளாகத்தின் ஓரத்தில் ட்யூட்டி போடும் அறை. அங்கே இருந்தவரை எல்லோரும் 'ட்யூட்டி சார்' என்பார்கள். ஒரு காதில் போன், மறு கையில் தேநீர், கண் கணினித் திரையில். அப்படியேதான் அவருடைய பகல் முழுக்கப் போகும். அவருக்குப் பின்னால் நின்று அக்கா வேடிக்கை பார்த்தாள். ஒரு டிரைவருக்கு மறுநாள் அதிகாலை பஸ்ஸைப் போட அவர் முயன்றார். முந்தைய ட்யூட்டி முடிந்து எட்டு மணி நேர ஓய்வு இல்லை என்று சொல்லித் திரை மறுத்துவிட்டது. அவரும் பேசாமல் வேறு ஆளைப் போட்டார்.

அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? டிரைவர்கள் தங்களுக்குள் ட்யூட்டியை மாற்றிக்கொள்ள போனில் ஒரு செயலி இருந்தது. சோதனைக்கென்று வைத்திருந்த டிரைவர் கணக்கில் நுழைந்து, அதே போன்றதொரு மாற்றத்தை போனில் செய்து பார்த்தாள். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"சார், இங்க தடுக்குது. போன்ல விட்டுடுது."

ட்யூட்டி சார் தேநீரை ஊதினார். "அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

அவருக்குச் சோம்பல் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அலுவலகம் திரும்பியதும் பழைய நிரலைத் தோண்டிப் பார்த்தார்கள். ஓய்வு விதியை யாரோ அலுவலகத் திரைக்கான பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். போன் செயலி வேறு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலில் காவலுக்கு ஆளே இல்லை. அக்காவுக்கு முதல்முறையாக எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. எந்த வாசல் வழியாக வந்தாலும் கடந்தே ஆகவேண்டிய இடத்தில், அதாவது நடு அடுக்கில்தான், விதி இருக்க வேண்டும். இருவரையும் கூப்பிட்டாள்.

"ட்யூட்டி போடுறது, மாத்துறது, லீவு, எல்லாமே தாடி சொல்ற மாதிரி. நடு அடுக்குக்குள்ள போய்த்தான் ஆகணும். பேர் பட்டியல், பஸ் பட்டியல் மாதிரி சும்மா காட்டுறது மட்டும் மின்னல் சொல்ற மாதிரி. நேரா எடுத்துக்கலாம்."

இரண்டு பேருக்கும் முகம் சுருங்கியது. பாதி வீடு ஒரு மாதிரியும் பாதி வீடு வேறு மாதிரியும் இருந்தால் அது வீடா என்று தாடி கேட்டார். பாதியாவது தன் பேச்சு எடுபட்டதே என்று மின்னல் முணுமுணுத்தாள். ஆனாலும் வேலை தொடங்கியது; சில மாதங்களில் முடியவும் செய்தது. ஓய்வு விதியை நடு அடுக்கில் எழுதியது தாடி. அக்கா அதைத் திரையிலிருந்தும் போனிலிருந்தும் குறுக்கும் நெடுக்குமாக அடித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்தும் அது அசையவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நடையே மாறியிருந்தது.

புதிய சாஃப்ட்வேர் டிப்போவுக்குப் போன அதே வாரத்தில் ஒரு நாள், அண்ணன் சீருடையைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்கு ஏறி வந்தான்.

"ஏம்மா, போன்ல ட்யூட்டி மாத்துறத நிறுத்தினது உங்க ஆபீஸ்தானே?"

"நிறுத்தலண்ணா. எட்டு மணி நேரம் ஓய்வு இல்லாட்டி மட்டும்தான் விடாது."

"அது மட்டும்தான்! சனிக்கிழம பாப்பாவுக்கு மேட்சு. நானும் கூட்டாளியும் மாத்திக்கலாம்னு பேசி வச்சிருந்தோம். வெள்ளிக்கிழம ராத்திரி வண்டிய விட்டுட்டு வந்து, சனி விடியக்காலைல அவன் வண்டிய எடுத்துட்டா பத்து மணிக்கு மேல நான் ஃப்ரீ. வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப போன் முடியாதுங்குது. ட்யூட்டி சார் கையை விரிக்கிறாரு."

 அண்ணன் இப்படி மாற்றிக்கொண்டிருந்தான் என்பதே அக்காவுக்குத் தெரியாது. மகள் விளையாடிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவன் எப்படியோ வந்து நின்றுவிடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த எப்படியோ இதுதான் என்று இப்போதுதான் புரிந்தது.

"அண்ணா, நாலு மணி நேரம் தூங்கிட்டு வண்டி ஓட்டினியா நீ?"

"இருபது வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் விழுந்திருக்கா? யாரு எப்பத் தூங்கணும்னு நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து எழுதுவியா?"

"அது எங்க விதி இல்லண்ணா. உங்க கம்பெனி விதி."

"என் விதி, வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் தடதடவென்று இறங்கிப் போனான்.

சனிக்கிழமை பந்தயத்துக்கு அவனால் போக முடியவில்லை. அண்ணியும் அக்காவும்தான் போய் உட்கார்ந்தார்கள். பாப்பா ஜெயித்தாள். ஜெயித்துவிட்டு வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்த்த அக்காவுக்குக் கை தட்ட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அவளோடு பேசவில்லை. "அத்தைய சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்வான். அக்கா எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். "அத்தை, அப்பா சாப்பிட வரச் சொல்றாங்க" என்று பாப்பா திருப்பிச் சொல்வாள். "இந்தக் கூத்துக்கு ஒரு முடிவே கிடையாதா?" என்று அண்ணி அடுப்பைப் பார்த்துக் கேட்பாள்.

அக்கா மறுபடி டிப்போவுக்குப் போனாள். ட்யூட்டி சார் இந்த முறை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உங்களுக்கு அது ஓட்டை. எங்களுக்கு அதுதாம்மா வழி. மேலிடத்துல பாக்கிறது இந்தத் திரைய. இதுல எல்லாம் ஒழுங்கா இருக்கணும். ஆனா பஸ்ஸும் ஓடணுமே? யாராவது வரலைன்னா, போன்ல உங்களுக்குள்ள மாத்திக்குங்கப்பான்னு சொல்லிடுவேன். அவங்களே மாத்தினதா ஆயிடும். யாரும் உக்காந்து திட்டம் போட்டுச் செய்யல. தானா அப்படி அமைஞ்சுபோச்சு."

"அப்ப விதி இருக்கிறது எதுக்கு சார்?"

"அதையும் எடுத்துடாதீங்க" என்றார் அவர் அவசரமாக.

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். பஸ் கழுவும் இடத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் டிரைவர் ஒருத்தி அவளை நிறுத்தினாள்.

"நீங்கதானே போன்ல அதப் போட்டது? நல்ல வேலை செஞ்சீங்க அக்கா. சீனியருங்க யாராவது 'மாத்திக்கிறியாம்மா'ன்னு கேட்டா எனக்கு முடியாதுன்னு சொல்ல வாயே வராது. ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு எத்தன தடவ கண்ணு சொருகியிருக்கு தெரியுமா? இப்ப போனே முடியாதுன்னு சொல்லிடுது. எனக்குச் சங்கடம் இல்ல."

அக்கா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏறவேண்டிய பஸ் வந்து நின்று போயும்விட்டது. அண்ணன் சொன்னது அவன் வரைக்கும் சரி. அந்தப் பெண் சொன்னது அவள் வரைக்கும் சரி. ட்யூட்டி சார் இரண்டையும் சேர்த்துச் சொன்னார், அதுவும் சரியாகத்தான் இருந்தது. விதியை எந்த அடுக்கில் வைப்பது என்றுதான் தன்னைக் கேட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். சரியான இடத்தில் வைத்தால் இத்தனை பேர் வாழ்க்கையில் போய் இடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, தாடி தாடியைத் தடவினார். மின்னல் உடனே ஒரு வழி சொன்னாள்.

"ட்யூட்டி சார் அனுமதி கொடுத்தா விதியத் தளர்த்தலாம்னு வச்சிடுவோம். அவர் திரையில ஒரு பட்டன். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தானே? கண்ட்ரோலர்லயே போட்டுடறேன்."

"பழைய தப்ப மறுபடியும் பண்ணச் சொல்றியா?" என்றார் தாடி. "அனுமதியும் விதிதான். நடுவுலதான் இருக்கணும்."

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் அதிகம் யோசிக்கவில்லை. "நடுவுல" என்றாள். பிறகு, "யாரு அனுமதி கொடுத்தாலும் ஓய்வு ஆறு மணி நேரத்துக்குக் கீழ போகக் கூடாது. மாத்திக்கிற ரெண்டு பேரும் தனித்தனியா சம்மதம்னு அமுக்கணும்" என்றாள். ஆறு என்பது எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. பஸ் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு, வாதம் செய்து, கடைசியில் அந்த ஆறையே ஒத்துக்கொண்டார்கள். அவர்களிடமும் வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அனுமதி பட்டன் வந்தது. ஆனால் அமுக்கினால் அனுமதித்தவர் பெயர் அங்கேயே பதிவாகிவிடும். அதனால் ட்யூட்டி சார் அந்தப் பட்டனைக் கண்டாலே ஏதோ சூடான பாத்திரம் போலக் கையை இழுத்துக்கொண்டார். அண்ணனுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. வீட்டில் பேச்சு இன்னும் பாப்பா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை அவள் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய கூட்டாளி வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், அண்ணியிடம் அக்கறையாகக் கேட்டான்.

"இவனுக்கு பிரஷர் மாத்திரை எல்லாம் ஒழுங்காக் கொடுக்கிறீங்களா, அண்ணி?"

அண்ணி திரும்பினாள். "யாருக்குப் பிரஷர்?"

கூட்டாளிக்கு விழுங்கிய தண்ணீர் புரையேறியது. அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். கம்பெனி வருஷா வருஷம் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை செய்யும். போன முறை அண்ணனுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பது தெரிந்து, மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன் கூட்டாளியிடம்.

"போன்லதான்டா இருக்கு. பட்டியல்ல உன் பேரத் தொட்டா, வீட்டு அட்ரஸ், மெடிக்கல்னு எல்லாம் வருதே."

 பேர் பட்டியல். சும்மா காட்டுவதுதானே, நேராக எடுத்துக்கொள்ளட்டும் என்று அக்கா விட்ட பக்கம். டேட்டாபேஸில் ஒரு டிரைவரைப் பற்றி என்னென்ன இருந்ததோ அத்தனையும், நடுவில் நின்று 'இது போகலாம், இது போகக் கூடாது' என்று பிரித்துப் பார்க்க யாருமில்லாமல், எல்லோருடைய போனுக்கும் போயிருந்தது. அவளும் பட்டியல் வருகிறதா என்று மட்டும் சோதித்தாள். பெயரைத் தொட்டால் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

அண்ணி அன்றைக்கு அண்ணனைப் பிடித்த பிடியில் வீடே அதிர்ந்தது. "நாலு மணி நேரத் தூக்கம், அதுக்கு மேல பிரஷர், அதையும் என்கிட்ட மறைச்சு வச்சு... நான் என்ன வாடகைக்குக் குடியிருக்கேனா இந்த வீட்டுல?" கூட்டாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினான். அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். விடுமுறை நாளென்றும் பாராமல் மின்னல் வந்து அந்தப் பக்கத்தை நிறுத்தினாள். வழக்கமாகத் துள்ளும் அவள் முகம் வெளுத்திருந்தது.

"தப்பு என்னுது அக்கா."

"இல்லடி. நேராப் போகலாம்னு சொன்னது நான்."

மறுநாள் தாடி ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. அமைதியாக உட்கார்ந்து, பட்டியலுக்கும் ஒரு நடு அடுக்கு எழுதிக் கொடுத்தார். பெயரும் பணி எண்ணும் மட்டுமே அதைத் தாண்டி வெளியே போகும். முதலாளி பஸ் கம்பெனிக்குப் போய்த் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தார். மற்ற டிரைவர்களின் விவரங்களை யார் யார் பார்த்தார்கள் என்று முழுதாகத் தெரியவே இல்லை. அது அக்காவை வெகு நாள் அரித்தது. அண்ணன் விஷயத்தில் மட்டும் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அவள் சரியாகச் செய்த வேலையால் அண்ணன் மகளின் பந்தயத்தைத் தவறவிட்டான். தப்பாகச் செய்த வேலையால் அவன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். காலையிலும் இரவிலும் அண்ணி பக்கத்திலேயே நின்று விழுங்க வைக்கிறாள். இதில் எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தப்பு தப்புதான் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

பஸ் பட்டியல் இன்னும் நேராகத்தான் போகிறது. பஸ்ஸுக்கு என்ன ரகசியம் என்கிறாள் மின்னல். அதையும் நடு அடுக்கு வழியாக விட்டால் மனசுக்கு நிம்மதி என்கிறார் தாடி. அக்கா இருவரிடமும் தலையாட்டியிருக்கிறாள்.

பிறகொரு சாயங்காலம் அவள் அறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டு நின்றுபோனது. கீழே அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு மேலே வந்தான். பாப்பா பக்கத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் அவளிடமே பேசினான்.

"ஸ்டூலைப் புடி."

பிடித்தாள். அவன் ஏறி, விசிறியின் மூடியைக் கழற்றினான். தூசி அவள் தலையில் கொட்டியது. கொஞ்ச நேரம் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த விதிய எங்க வச்சிருக்கீங்க?" என்று மேலே பார்த்தபடியே கேட்டான்.

"நடுவுல."

"எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம்ணா. ஒரு நிமிஷ வேலை. எடுக்கணுமான்னுதான் தெரியல."

 கீழே கையை நீட்டினான். அவள் திருகாணியை எடுத்துக் கொடுத்தாள்.

"புதுசா வந்திருக்கிற பொண்ணு ஒருத்தி" என்றான் மெதுவாக. "அவகிட்ட ரெண்டு தடவ மாத்தி வாங்கியிருக்கேன். சிரிச்சுக்கிட்டேதான் சரின்னு சொல்லுவா. அவளுக்குப் புடிக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொல்லல. அதனால தெரியல."

"உன்கிட்ட மட்டும் சொன்னாளா?"

"ம்."

அண்ணன் மூடியை மாட்டினான். "அடுத்த மாசம் பாப்பாவுக்குப் பெரிய மேட்சு. முறையா லீவு எழுதிக் கொடுத்திருக்கேன். கிடைக்குமான்னு பாக்கணும். அதையும் உங்க சாஃப்ட்வேர்தானே சொல்லும்?"

"இல்லண்ணா. அத ட்யூட்டி சார்தான் சொல்லுவாரு."

"அவரா? அப்பக் கஷ்டம்தான்" என்று சொல்லி அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. சத்தம் குறைந்திருந்தது, ஆனால் லேசாக ஆடியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் ஆடும். விழுந்துடாது" என்றான் அண்ணன். மாத்திரை நேரம் என்று கீழேயிருந்து அண்ணியின் குரல் வரவே, அவன் இறங்கிப் போனான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விசிறிக்குக் கீழே பாதி நீட்டிக்கொண்டிருந்த கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிச் சுவரோரமாக நகர்த்திப் போட்டாள்.